வன்னி வகுப்பறைக்கு வட்சப்பும் ஸ்லைடும் சூமும்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது என் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று பேர் குளக்கட்டில் ஏறி நின்றுதான் பாடம் கேட்டார்கள். வீட்டு முற்றத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும், குளக்கட்டில் ஏறினால் மூன்று கோடு. வெயில் ஏறியதும் பாலை மர நிழலுக்கு இறங்குவார்கள்; அங்கே குரல் அறுந்துவிடும். திரும்பவும் கட்டில் ஏறுவார்கள். இன்றைக்கும் ஒரு பாடத்தைத் திட்டமிடும்போது அந்த மூன்று பேரும்தான் என் கண்ணுக்குள் நிற்கிறார்கள்.

இணையக் கருவிகளைப் பற்றிய வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. பிள்ளைக்கு ஒரு லப்டொப், சுவரில் வைஃபை, குளிரூட்டிய அறை என்று நினைத்து எழுதியவைதான் அதிகம். இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ செட்டிகுளத்திலோ படிப்பிக்கிறவர்களிடம் இருப்பது வேறு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு புரொஜெக்டர், ஆசிரியரின் சொந்தப் போன், சொந்தக் காசில் போட்ட டேட்டா. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டு வருவதில்லை. இதை வைத்துக்கொண்டே நல்ல வேலை செய்யலாம், ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால்: இணைய வேலையை முதல் நாளே வீட்டில் முடித்துவிடுங்கள். வகுப்புக்குள் கொண்டுபோவது இணையம் போனாலும் வேலை செய்ய வேண்டும். இனி வருவதெல்லாம் இந்த விதியிலிருந்துதான் வருகிறது.

முதல் படி: ஒரு கணக்கெடுப்பு

எந்தச் செயலி நல்லது என்று தேடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கேள்வி எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வீட்டில் இருப்பது தொடுதிரைப் போனா, பட்டன் போனா? யாருடையது? எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? எந்த நிறுவனத்தின் சிம்? வீட்டில் எந்த இடத்தில் சிக்னல் வரும்?

வகுப்பில் கையை உயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். போன் இல்லாத பிள்ளை எல்லோர் முன்னாலும் கூசிப்போகும். சில பிள்ளைகள் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, வராத வீட்டுவேலைக்கு வாரக்கணக்கில் சாட்டுச் சொல்லும். தாளில் எழுதினால் உண்மை வரும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. காலபோகத்தில் விதைப்பும் வெட்டும் நடக்கும் நாட்களில் அப்பாவின் போன் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். யானைக் காவலுக்குப் போகிறவர்கள் இரவிலும் போனைக் கொண்டுதான் போவார்கள். என் வகுப்பில் பெரும்பாலான போன்கள் பின்னேரம் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில்தான் வீட்டில் இருந்தன. அதைத் தெரிந்துகொண்ட பிறகு காலையில் பாடம் அனுப்புவதை விட்டுவிட்டேன்.

போனே இல்லாத வீடுகளைத் தனியாக எழுதி வையுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன போகும், யார் கையில் போகும் என்பதை இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: வட்சப்பை ஒழுங்காக வைத்தல்

புதிய செயலி எதையும் பெற்றோர் தலையில் ஏற்றாதீர்கள். வட்சப் ஏற்கெனவே போனில் இருக்கிறது, அதுவே போதும். ஆனால் அதன் வயது வரம்பு 13. ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளில் பலருக்கு அந்த வயது ஆகியிருக்காது. கூகுள் கணக்குக்கும் அப்படித்தான். ஆகவே குழுவில் இருக்க வேண்டியவர் அம்மாவோ அப்பாவோ. இதைப் பெற்றோர் கூட்டத்தில் நேரே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

சாதாரண வட்சப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் அக்காவின் இலக்கம் இப்படி வெளியே போய், தெரியாத ஆட்கள் இரவில் அழைத்து, அந்த வீட்டில் போனையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் படிப்பும் அதோடு இரண்டு மாதம் நின்றது. இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, குழுவுக்குப் பதிலாக புரோட்காஸ்ட் லிஸ்ட். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதால், பெற்றோர் கூட்டத்திலேயே எல்லோரையும் பதியச் சொல்லிவிடுங்கள். மற்றது, வட்சப் கொம்யூனிட்டியின் அறிவிப்புக் குழு. அதில் பெற்றோர் ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது.

குழுதான் வேண்டும் என்றால், அமைப்பில் போய் அட்மின் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றுங்கள். காலை வணக்கப் படங்களுக்கும் கோயில் திருவிழா வீடியோக்களுக்கும் நடுவில் உங்கள் கணக்குத் தாள் புதைந்துபோகாது. கூடவே, பெற்றோர் ஒவ்வொருவரின் போனிலும் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திக் கொடுங்கள். ஒரு போனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர்களின் டேட்டாவை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பது அவர்களுக்கு விளங்கும். பிறகு நீங்கள் அனுப்புவதைத் திறந்து பார்ப்பார்கள்.

எதை அனுப்புவது? என் அனுபவத்தில் குரல்பதிவை மிஞ்சியது இல்லை. ஒரு நிமிடக் குரல்பதிவு கால் எம்பிகூட வராது. அதே ஒரு நிமிடத்தைப் போனில் வீடியோவாக எடுத்தால் பல எம்பி. கொப்பியில் கணக்கைச் செய்து, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து, "இரண்டாவது வரியைப் பாருங்கோ, ஏன் கழிக்கிறோம்?" என்று இரண்டு நிமிடம் பேசி அனுப்புங்கள். படமும் குரலும் சேர்ந்தால் பிள்ளைக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம்; நீளமாக இருந்தால் இரண்டாக உடையுங்கள். சிக்னல் அறுந்தால் பாதியில் நிற்பது சின்னத் துண்டாக இருக்கட்டும்.

கொப்பிப் பக்கத்தில் எழுத்துத் தெளிவாக இருக்க வேண்டுமென்றால் படத்தைப் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். வட்சப் அதைச் சுருக்காது.

மூன்றாம் படி: ஸ்லைட் செய்தல்

முதலில் எழுத்துருப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். நம் ஆசிரியர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டெழுதுகிறார்கள். பழகிய கை, வேகமாக ஓடும். ஆனால் பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாக மாறி நிற்கும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக. இரண்டு இரவு இருந்து செய்த ஒரு பாடத்தை நான் வேறொரு பள்ளிக்கூடத்துக் கணினியில் திறந்தபோது அதுதான் நடந்தது. முப்பத்தைந்து பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்வாங்கில் ஒரு பிள்ளை மெல்லக் கேட்டது: "ரீச்சர், இது எந்தப் பாசை?"

அன்றோடு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாறினேன். நீங்களும் மாறுங்கள். விண்டோஸில் நிர்மலா என்ற யூனிகோட் எழுத்துரு கூடவே வருகிறது. போனிலும் அது அப்படியே தெரியும், தேடினாலும் அகப்படும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. எழுத்தை ஒட்டினால் யூனிகோட்டாகத் தரும். மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், எண்களும் அடைப்புக்குறிகளும் சில இடத்தில் கெட்டுப்போகும். தட்டெழுத நேரமில்லை என்றால் போனில் கூகுள் விசைப்பலகையைப் போட்டு, மைக்கை அழுத்தித் தமிழில் பேசுங்கள். இலங்கைத் தமிழ் என்றே ஒரு தெரிவு அதில் இருக்கிறது.

அடுத்தது எழுத்தின் அளவு. ஸ்லைடைச் செய்து முடித்ததும் லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நில்லுங்கள். வாசிக்க முடிகிறதா? முடியாவிட்டால் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் முடியாது. தமிழ் எழுத்துக்கு 32க்குக் கீழே இறங்காதீர்கள். சுழியும் கொம்பும் சேர்ந்து எழுத்து நெருக்கமாக வருவதால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவு நமக்குக் காணாது. ஒரு ஸ்லைடில் ஐந்து வரிக்கு மேல் வந்தால் அது ஸ்லைட் இல்லை, பாடப்புத்தகப் பக்கம். பாடப்புத்தகம் பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

நான் ஒரு பாடத்துக்கு எட்டு ஸ்லைடுக்கு மேல் செய்வதில்லை. அதில் மூன்று வெறும் படம், மூன்று வெறும் கேள்வி. விளக்கத்தைக் கரும்பலகையில்தான் எழுதுகிறேன். வெண்கட்டியால் எழுதும் வேகத்தில்தான் பிள்ளையின் கொப்பியும் ஓடும். ஸ்லைட் ஓடுகிற வேகத்தில் ஓடாது.

படங்களுக்கு நம் இடத்தையே எடுங்கள். ஆவியாதல் பாடத்துக்கு எங்கோ ஒரு பனிமலை ஏரியைக் காட்டுவதைவிட, சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் உங்கள் ஊர்க் குளத்தின் அடித்தரையை நீங்களே போனில் எடுத்துப் போடுங்கள். மற்றப்படி, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்கள் தரவாரியாக இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். பழைய ஈழத்து நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம். மூன்றும் இலவசம்.

நான்காம் படி: திரையும் வெளிச்சமும் வயரும்

நம் வகுப்பறைகள் பல அரைச்சுவர் கட்டடங்கள். காற்றுக்கு நல்லது, புரொஜெக்டருக்குக் கெட்டது. பத்து மணிக்குப் பிறகு வெயில் உள்ளே வந்தால் திரையில் வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும். ஆகவே காட்சிப் பாடங்களை முதல் இரண்டு பாடவேளைக்குள் போடச் சொல்லி நேரசூசி செய்பவரோடு பேசுங்கள். வெயில் விழும் எதிர்ச் சுவரில் அல்லாமல், வெயில் வரும் பக்கத்துச் சுவரிலேயே திரையைக் கட்டுங்கள். அந்தப் பக்கத்தில்தான் நிழல் இருக்கும். வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து வையுங்கள். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து லப்டொப்பில் அழகாக இருந்தாலும் பகலில் செத்துப்போகும்.

பள்ளிக்கூடத்தில் பெரிய தொலைக்காட்சி இருந்தால் அதையே எடுங்கள். பகல் வெளிச்சத்தில் பழைய புரொஜெக்டரைவிடத் தொலைக்காட்சி எவ்வளவோ மேல். லப்டொப்கூடத் தேவையில்லை. பவர்பொயின்ட்டில் சேமிக்கும்போது ஜேபெக் படங்களாக, எல்லா ஸ்லைடையும் என்று தெரிவு செய்து பென்ட்ரைவில் போட்டால், தொலைக்காட்சியின் பின்னால் செருகி ரிமோட்டால் ஒவ்வொன்றாகக் காட்டலாம். ஒரு சின்ன விடயம்: படங்களின் பெயரை 01, 02, 03 என்று இரண்டு இலக்கத்தில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சில தொலைக்காட்சிகள் 1க்கு அடுத்து 10ஐக் காட்டும்.

பையில் இருக்க வேண்டியவை: எச்டிஎம்ஐ வயர், பழைய புரொஜெக்டருக்கான விஜிஏ மாற்றி, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர், உருண்டைப் பின்னுக்கும் சதுரப் பின்னுக்கும் பொருந்தும் பிளக், சின்ன ஸ்பீக்கர், அந்தப் பாடத்தின் ஒரு பக்க அச்சுத் தாள். கடைசியில் சொன்னது மின்சாரம் போனால் உங்களைக் காப்பாற்றும். 2022இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் அந்தத் தாளை வைத்துத்தான் படிப்பித்தோம்.

திரையில் படம் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையையும் P விசையையும் சேர்த்து அழுத்தி, இரண்டிலும் ஒரே காட்சி என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஸ்லைட் ஓடும்போது B விசையை மட்டும் அழுத்தினால் திரை கறுப்பாகும். கேள்வி கேட்டபின் இதைச் செய்து பாருங்கள்: பிள்ளைகளின் கண் திரையிலிருந்து உங்களுக்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் திரும்பும், பேச்சுத் தொடங்கும்.

ஐந்தாம் படி: எல்லாப் பிள்ளையிடமும் பதில் வாங்குதல்

கஹூட் என்ற வினாடி வினாச் செயலி நல்ல கருவிதான், ஆனால் அதைப் பொதுவாக விளையாடுகிற முறையில் பிள்ளைகள் கையில் கருவி வேண்டும். கணினி ஆய்வுகூடத்தில் குழுவாக இருத்தி விளையாடலாம். சாதாரண வகுப்பறைக்குப் பிளிக்கர்ஸைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சிட்ட ஓர் அட்டை, அதன் நான்கு பக்கத்துக்கும் நான்கு விடை. பிள்ளை தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் உங்கள் போன் கமராவால் வகுப்பை ஒரு தடவை வருடினால் யார் எதைச் சொன்னார்கள் என்று போனில் விழும். ஒரே ஒரு போனும் கொஞ்ச டேட்டாவும் போதும். ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாது என்பதால் ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளையும் அட்டையைத் தூக்கும். அட்டையை மட்டைக் கடதாசியில் ஒட்டிக் கொடுங்கள், ஆண்டு முழுவதும் வரும்.

வீட்டுக்குப் போனபின் கேட்கும் கேள்விக்கு கூகுள் ஃபோம் என்ற இணையப் படிவம். குவிஸாக மாற்றினால் தானே திருத்தும். வட்சப்பின் வாக்கெடுப்பையும் (poll) பாவிக்கலாம், ஆனால் அதில் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதைச் சுற்றுலாத் திகதி தீர்மானிக்க வைத்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வேண்டாம்.

ஆறாம் படி: தூரத்து ஆசிரியரை வகுப்புக்குள் கொண்டுவருதல்

உயர்தரக் கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்கள் நம் பக்கம் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த வலி. சூம் இதற்குத்தான் உண்மையில் உதவும். பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒவ்வொருவராக இணைப்பதற்கு அல்ல, ஒரு வகுப்பறையை இன்னொரு வகுப்பறையோடு இணைப்பதற்கு.

முறை இதுதான். படிப்பிக்கும் ஆசிரியர் ஸ்லைட் கோப்பை முதல் நாளே அனுப்பிவிடுவார். இந்தப் பக்கத்து வகுப்பு அதைத் தன் லப்டொப்பில் போட்டுத் திரையில் காட்டும். இணையத்தில் ஓடுவது குரல் மட்டும். ஆசிரியர் "ஐந்தாவதுக்குப் போங்கோ" என்றால் ஒரு பிள்ளை 5ஐத் தட்டி என்டரை அழுத்தும், அந்த ஸ்லைட் வந்துவிடும். சூமில் வெறும் குரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 45 எம்பிதான் போகும்; வீடியோவையும் திறந்தால் பல நூறு எம்பி. தொடக்கத்தில் ஒரு நிமிடம் வீடியோவைத் திறந்து முகத்தைக் காட்டுங்கள், வணக்கம் சொல்லுங்கள், பிறகு மூடுங்கள். அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். முகம் தெரியாத குரலோடு பிள்ளைகள் பேசமாட்டார்கள்.

சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். நம் பாடவேளையும் 40 நிமிடம் என்பதால் சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இணைக்கவும் ஒலி பார்க்கவும் ஐந்து நிமிடம் போகும், ஆகவே பாடத்தை 30 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். கூகுள் மீட் இலவசமாக 60 நிமிடம் தருகிறது. எதை எடுத்தாலும், காத்திருப்பு அறையைத் திறந்து வையுங்கள், திரைப் பகிர்வை நடத்துபவருக்கு மட்டும் என்று மாற்றுங்கள், இணைப்பை முகநூலில் போடாதீர்கள்.

ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனை யன்னலோரம் நிழலில் வையுங்கள். வெயிலில் சூடேறினால் வேகம் விழும். லப்டொப்பில் அந்த வைஃபையின் அமைப்புக்குப் போய் மீற்றேட் (metered) இணைப்பு என்று ஆக்கிவிடுங்கள். செய்யாவிட்டால் நீங்கள் பாடம் நடத்தும்போது விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கி, போட்ட டேட்டா முழுவதையும் தின்றுவிடும். அறையில் ஒரு கருவியில் மட்டும் ஒலி இருக்கட்டும், இரண்டாவது போன் திறந்தால் எதிரொலி காதைக் கிழிக்கும். இந்தப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் கட்டாயம் நிற்க வேண்டும். பிள்ளையின் முகத்தில் விளங்கவில்லை என்பது தெரிந்ததும் "சேர், கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்வதற்கு.

ஒரு பாடம் முழுதாக

எட்டாம் தரத்துக்கு இரணைமடுக் குளத்தைப் பற்றி நான் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோருக்கு ஒரு குரல்பதிவு: "வீட்டில் அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால், குளத்துத் தண்ணி பற்றி அவையிட்ட ஒரு நிமிடம் கேட்டுப் பதிந்து அனுப்புங்கோ." சனி, ஞாயிறில் பதினொரு பதிவுகள் வந்தன. வான்கதவு திறந்த ஆண்டுகள், முதன்முதலில் காடு வெட்டிக் குடியேறியது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் பங்கு பிரித்தது. வேறெங்கே கிடைக்கும் இது? அவற்றில் நான்கை லப்டொப்பில் இறக்கி வைத்தேன்.

கூகுள் ஏர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய செய்மதிப் படங்களை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். குளம் நிறைந்திருந்த ஒரு படம், வற்றிய ஒரு படம், வவுனியாப் பக்கமிருந்து கனகராயன் ஆறு வடக்கே வந்து குளத்தில் சேர்ந்து, பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும் வழி, இந்த மூன்றையும் படமாக எடுத்து ஸ்லைடில் ஒட்டினேன். இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஆண்டை மாற்றும் அந்தப் பட்டையை வகுப்பு முன்னால் நேரடியாக இழுத்துப் பார்க்காதீர்கள். 2009ஆம் ஆண்டைச் சுற்றிய படங்களும் அதில் உண்டு. நம் பிள்ளைகளின் வீடுகளில் அந்த ஆண்டு இன்னும் ஆறாத காயம். முதலில் தனியே பாருங்கள், வேண்டியதை மட்டும் எடுங்கள்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. ஆற்றின் படத்தைக் காட்டி, "மழை பெய்தது வவுனியாவில், வெள்ளம் வந்தது எங்கே?" என்ற கேள்வியைப் போட்டுத் திரையைக் கறுப்பாக்கினேன். ஐந்து நிமிடம் வகுப்பு இரைந்தது. பிறகு ஒரு தாத்தாவின் குரலைப் போட்டேன். பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பி நின்று, "ரீச்சர், அது எங்கட அப்பப்பா!" என்றது. அந்தப் பிள்ளை அதற்கு முன் வகுப்பில் எழும்பி நின்று நான் கண்டதில்லை. பிறகு கரும்பலகையில் ஆற்றை வரைந்தோம், கொப்பியில் எழுதினார்கள். அந்த 40 நிமிடத்தில் இணையம் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை.

பின்னேரம் ஆறரைக்குப் பாடத்தின் எட்டுப் படமும் இரண்டு குரல்பதிவும் பெற்றோருக்குப் போனது. போன் இல்லாத நான்கு வீட்டுக்கும் அச்சுத் தாள் பிள்ளைகளின் கையில் போனது. அதில் இரண்டு பிள்ளைகள், குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று அடுத்த நாள் இடைவேளையில் வந்து என் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.